மூன்று மடங்களின் தலைநகரம்

அநுராதபுரத்தின் பெருமை தூபிகளின் உயரத்தில் மட்டும் இல்லை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மடங்கள் அருகருகே வாழ்ந்ததிலும் இருக்கிறது.

அநுராதபுரத்துக்கு யாத்திரை வருகிறவர்கள் வழிபடும் தலங்கள் எட்டு. சிங்களத்தில் அடமஸ்தானம் எனப்படும் இவற்றில் ஒன்று, சங்கமித்தை கொண்டுவந்ததாகப் போற்றப்படும் வெள்ளரசு. இன்னொன்று, 1,600 கல்தூண்கள் மட்டும் எஞ்சி நிற்கும் லோவாமகாபாய. மற்ற ஆறும் தூபிகள். வெள்ளை உடுத்தி, தாமரையும் அல்லியும் ஏந்தி, குடும்பம் குடும்பமாக வரும் பக்தர்கள் இந்த எட்டையும் வலம் வந்து திரும்புகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் பெரும்பாலும் இதே பாதையில்தான் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். தூபிகள் பிரம்மாண்டமானவை, தூரத்திலிருந்தே கண்ணை இழுப்பவை; எனவே இது இயல்பான பாதைதான். ஆனால் தூபிக்கும் தூபிக்கும் நடுவில், மரநிழலில், புல் மண்டிய செங்கல் அடித்தளங்களாகக் கிடப்பவைதான் இந்த நகரம் எப்படி இயங்கியது என்பதைச் சொல்லக்கூடியவை. துறவிகள் உறங்கிய அறைகள், உண்ட மண்டபங்கள், குளித்த குளங்கள், கணக்கு எழுதிய கல்வெட்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை நிதானமாகப் பார்க்கிறவருக்கு ஒன்று தெளிவாகும். ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் தலைநகராக நிலைத்த அநுராதபுரம், ஒரே மரபைக் காத்து நின்ற கோட்டையாக இருக்கவில்லை. பல பௌத்த மரபுகளும் பல மொழியினரும் பல நாட்டவரும் ஒரே குளத்து நீரைக் குடித்து வாழ்ந்த நகரமாக இருந்தது. அந்தப் பன்மைதான் அதை உலகறிந்த நகரமாக்கியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மூன்று மடங்கள் எழுந்த கதை

முதலில் எழுந்தது மகாவிகாரை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன், மகிந்த தேரருக்குத் தன் அரச பூங்காவைத் தானமாகக் கொடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. வெள்ளரசும் தூபாராமமும் துட்டகைமுனு எழுப்பிய ருவன்வெலி தூபியும் இந்த மகாவிகாரையைச் சுற்றி அமைந்தவை. இரண்டாவது அபயகிரி. கி.மு. 1ஆம் நூற்றாண்டில், ஆட்சியை இழந்து 14 ஆண்டுகள் மறைந்து திரிந்த வட்டகாமணி அபயன், அரியணையை மீட்ட பின் அதை நிறுவினான். அந்த இடத்தில் அதற்கு முன் கிரி என்ற சமணத் துறவியின் பள்ளி இருந்தது என்பதையும் மகாவம்சமே பதிவு செய்கிறது. ஆக, பௌத்தத் தலைநகரில் சமணருக்கும் இடம் இருந்திருக்கிறது. தனக்கு உதவிய மகாதிஸ்ஸ தேரருக்கு மன்னன் அபயகிரியைத் தனிப்பட்ட முறையில் அளித்தான். இல்லறத்தாரோடு அளவுக்கு மீறிப் பழகினார் என்று கூறி மகாவிகாரையார் அவரை விலக்கினர். அதை ஏற்காத அவருடைய சீடர் ஒருவர் தம்மைச் சார்ந்த பிக்குகளுடன் வெளியேறி அபயகிரிக்குப் போனார். பிளவு அங்கே தொடங்கியது. மூன்றாவது ஜேதவனம். 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சிக்கு வந்த மகாசேனன், மகாவிகாரையின் எல்லைக்குள்ளேயே, அதன் எதிர்ப்பையும் மீறி இதைக் கட்டினான். ஜேதவனத் தூபி ஏறக்குறைய 122 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அதில் 9 கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கீசாவின் இரண்டு பெரிய பிரமிடுகளை விட்டால், பழைய உலகில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை எனலாம். அந்த உச்சத்தைத் தொட்டது, பின்னாளில் நெறிபிறழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட ஒரு மரபின் மடம்.

அபயகிரி வளாகம் மட்டுமே சுமார் 200 ஹெக்டேர். மடம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோன்றும் அளவு அங்கே பொருந்தாது. அது ஒரு நகரத்துக்குள் இன்னொரு நகரம். யானைக் குளம் என்று இன்று அழைக்கப்படும் ஏத்பொக்குணவின் நீளம் 159 மீட்டர், அகலம் 50 மீட்டருக்கு மேல். பெரியங்குளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே அதற்கு நீர் வந்தது. பெருமழைக் காலத்தில் அந்தப் பழைய மதகுகளில் இன்றும் நீர் பாய்கிறது. சற்றுத் தள்ளி இருக்கும் குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளத்தில் துறவிகள் நீராடினார்கள். அங்கே குளத்துக்குள் நீர் நேரடியாக விழாது. முதலில் ஒரு சிறு தொட்டியில் தங்கி, மண்டி அடியில் படிந்த பிறகே, மகர வாய் வழியாகக் குளத்தில் இறங்கும். பக்கத்தில் ஐந்தலை நாகம் காவல் இருக்கிறது. உண்ணும் மண்டபத்தில் நீண்ட கல்தொட்டி ஒன்று கிடக்கிறது; அதில் சோற்றைக் கொட்டி வைத்துத்தான் ஆயிரக்கணக்கான பிக்குகளுக்குப் பரிமாறினார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து இரண்டு ஆண்டுகள் தங்கிய சீனத் துறவி பாகியான், அபயகிரியில் 5,000 பிக்குகளும் மகாவிகாரையில் 3,000 பிக்குகளும் மிகிந்தலையில் 2,000 பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். இந்த எண்கள் முழுமையாக்கிச் சொல்லப்பட்டவையாக இருக்கலாம். ஆனாலும் பின்னாளில் வென்ற மகாவிகாரையைவிட அபயகிரி அன்று பெரிதாக இருந்தது என்பதைச் சாதாரணச் செய்தியாகவே அவர் குறிக்கிறார்.

பன்மைக்கான சான்றுகள்

அநுராதபுரம் தேரவாதத்தின் தாய்நிலம் என்று சொல்வது தவறில்லை. பாலி மறைநூல்களைக் காத்து உலகுக்குக் கொடுத்தது மகாவிகாரை. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் விசுத்திமக்கம் எழுதியதும் அங்கேதான். ஆனால் அது தேரவாதத்துக்கு மட்டுமே உரிய நிலமாக இருந்ததா? பாகியான் இலங்கையிலிருந்து படியெடுத்துச் சென்ற நூல்களில் ஒன்று மகிசாசக மரபின் வினயம். அது வேறொரு பௌத்தப் பிரிவின் ஒழுக்க நூல். ஜேதவன வளாகத்தில் 1980களில் ஏழு பொன் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் 9ஆம் நூற்றாண்டுச் சிங்கள எழுத்தில், வடமொழியில், மகாயானத்தின் முக்கிய நூலான பிரஞ்ஞாபாரமிதையின் பகுதி பொறிக்கப்பட்டிருக்கிறது. அபயகிரியில் தாந்திரிகத் தாரணி மந்திரங்கள் வெட்டிய கற்பலகைகள் கிடைத்தன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வடமொழிக் கல்வெட்டு. ஒரு மடத்தில் 100 துறவிகள் தங்க வேண்டும், நான்கு பெரிய நிகாயங்களிலிருந்தும் தலா 25 பேர் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. நான்கு மரபினரை ஒரே கூரையின் கீழ், சம எண்ணிக்கையில் வாழ வைக்க யாரோ திட்டமிட்டு விதி எழுதியிருக்கிறார்கள். பன்மை தற்செயலாக நேர்ந்துவிடவில்லை. அதற்கு இடம் ஒதுக்கினார்கள், எண் வைத்தார்கள், கல்லில் வெட்டினார்கள்.

இந்தப் பன்மை கடல் கடந்தும் சென்றது. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனத்தின் தென் தலைநகருக்குப் போய், அங்குள்ள பெண்களுக்கு முறைப்படி துறவு அளித்தார்கள். சீனத்தில் பிக்குணி மரபு முழுமை பெற்றது அவர்கள் வழியாகத்தான். சாவகத்தில் இரத்து போகோ குன்றில் கிடைத்த 792ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சிங்களத் துறவிகளின் அபயகிரி விகாரை அங்கே இருந்ததைக் கூறுகிறது. பாகியான் அபயகிரியில், பச்சைக்கல் புத்தர் சிலையின் முன் ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த சீனப் பட்டு விசிறியைக் கண்டு ஊர் நினைவில் கண்ணீர் விட்டதாக எழுதுகிறார். துறவிக்கும் வணிகருக்கும் ஒரே கப்பல்கள்தான் வழி. நகரின் அருகே ஓடும் மல்வத்து ஓயா, தமிழில் அருவியாறு என்ற பெயரோடு மன்னார்க் கரையில் கடலில் சேர்கிறது. திருக்கேதீச்சரம் நிற்கும் மாந்தைத் துறைமுகம் அங்கேதான். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய சிவத்தலமும் பிக்குகள் கப்பலேறிய துறையும் ஒரே ஊர். தலைநகரின் கடல்வாசலே அப்படி இருந்தபோது, நகரம் மட்டும் எப்படி ஒற்றை நிறத்தில் இருந்திருக்கும்?

பன்மை என்றால் மடங்களுக்கு இடையிலான வேறுபாடு மட்டும் அல்ல. மடங்களைக் கேள்வி கேட்ட துறவிகளுக்கும் நகரம் இடம் கொடுத்தது. நகருக்கு மேற்கே, கந்தல் துணி உடுத்த பாம்சுகூலிகத் துறவிகளுடையவை எனக் கருதப்படும் தியான மடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே தூபி இல்லை, புத்தர் சிலை இல்லை, சந்திரவட்டக்கல் இல்லை. கல்பாலம் ஒன்றால் இணைந்த இரண்டு மேடைகள், சுற்றிலும் அகழி, அவ்வளவுதான். ஒரே ஒரு பொருளில் மட்டும் சிற்பியின் உளி முழுத் திறமையோடு ஓடியிருக்கிறது. அது சிறுநீர் கழிக்கும் கல். கால் வைக்க இரண்டு தடங்கள், நடுவில் துளை, அதைச் சுற்றி அடுக்கு மாளிகையின் முகப்பு, தூண்கள், விமானங்கள். அதற்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மண்பானைகளை அடுக்கி, மணலும் கரியும் இட்டு, நீரை வடித்து மண்ணில் சேர்த்தார்கள். செல்வம் கொழித்த பெருமடங்களின் ஆடம்பரத்தின் மேல் தினமும் சிறுநீர் கழிப்பதே அந்தச் சிற்பத்தின் நோக்கம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் ஒன்றை மறுக்க முடியாது. செல்வத்தைத் துறந்தவர்களின் மடங்களும் செல்வமடங்களுக்குச் சில கல் தொலைவிலேயே இருந்தன. இரண்டையும் நகரம்தான் தாங்கியது.

எப்படித் தாங்கியது? அதற்கு விடை மிகிந்தலையில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் 4ஆம் மகிந்தன் வெட்டுவித்த இரண்டு பெரிய கற்பலகைகள் அங்கே நிற்கின்றன. பிக்குகள் விடியலில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதில் தொடங்கி, மடத்தின் பணியாட்களுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு நிலம் என்பது வரை அவை வரிசையாகச் சொல்கின்றன. அன்றன்றைய செலவை எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். மாதந்தோறும் தொகுக்க வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கைச் சங்கத்தின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். மிகிந்தலை மலையடிவாரத்தில் மருத்துவமனை ஒன்றின் அடித்தளமும், நோயாளியைப் படுக்கவைத்து மூலிகை நீரூற்றிய மனித வடிவக் கல்தொட்டியும் இருக்கின்றன. ஒவ்வொரு பெருமடத்துக்கும் தனி நிலம், தனிக் குளம், தனி வருவாய், தனி நிர்வாகம். ஒரு மன்னன் ஒரு மடத்தை விரும்பாவிட்டால் அதற்கான தானத்தை நிறுத்தலாமே தவிர, வேரோடு பிடுங்கிவிட முடியவில்லை. அநுராதபுரத்தின் பன்மைக்கு ஆதாரம் மன்னர்களின் தாராள மனம் மட்டும் அல்ல; தத்தம் காலில் நின்ற நிறுவனங்களும்தான்.

தமிழர் எங்கே இருந்தார்கள்?

இந்தக் கேள்விக்கும் தரையில் விடை உண்டு. அபயகிரிக்கு அருகே, கிறித்துவுக்கு முந்தைய காலப் பிராமி எழுத்தில், தமிழ் இல்லறத்தாருக்கான மண்டபம் ஒன்றைக் குறிக்கும் பிராகிருதக் கல்வெட்டு இருக்கிறது. அமைத்தவரும் ஒரு தமிழர். யார் யாருக்கு எந்த இருக்கை என்று பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவர் கப்பல் தலைவர். படையெடுப்பு வந்த வழியாக மட்டுமே தமிழரை அறிமுகப்படுத்தும் பாடநூல்கள் இந்தக் கூடி அமரும் மண்டபத்தைச் சொல்வதில்லை. 5ஆம் நூற்றாண்டில் தலைநகரை ஆண்ட ஆறு தமிழ் மன்னரில் சிலர் பௌத்த மடங்களுக்கு அளித்த தானங்களுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. பின்னாளில், நான்கு நாட்டார் என்ற தமிழ் வணிகக் குழுவினர் மாக்கோதைப் பள்ளி என்ற பௌத்தப் பள்ளிக்கு அளித்த கொடையைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பதிவு செய்கிறது. நகரின் வடபகுதியில் சிவன் கோயில்களின் அடித்தளங்களும் இலிங்கங்களும் கிடைத்துள்ளன. எதிர்த்திசையிலும் இதே போக்குவரத்து நடந்தது. மகாவிகாரையின் பெரும் உரையாசிரியரான புத்தகோசர் தாம் காஞ்சியில் தங்கியதைக் குறிப்பிடுகிறார். சோழநாட்டுப் புத்ததத்தர் மகாவிகாரையில் கற்றுத் திரும்பி, காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் அமர்ந்து பாலியில் நூல் எழுதினார். மகாயானத்தின் பக்கம் மகாசேனனைத் திருப்பிய சங்கமித்திரரும் சோழநாட்டவர். மகாவிகாரையின் நண்பர்களிலும் தமிழர், எதிரிகளிலும் தமிழர். இனத்தின் பெயரால் கோடு கிழிக்க முயன்றால் இந்த வரலாற்றில் அது ஓரிடத்திலும் நேராக ஓடாது.

மறுப்புகளும் விடைகளும்

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். மடங்கள் அருகருகே இருந்தன என்பதாலேயே இணக்கமாக வாழ்ந்தன என்றாகுமா? மகாசேனன் காலத்தில் மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. அதன் லோவாமகாபாயவை இடித்து, அந்தப் பொருள்களை அபயகிரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னும் பின்னும் நூல்கள் எரிக்கப்பட்டன, பிக்குகள் நாடு கடத்தப்பட்டார்கள். இதை மறைப்பது பன்மையைப் புகழ்கிறவரின் நேர்மைக்கு இழுக்கு. ஆனால் அதே மகாசேனனைத் தடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். அவனுடைய நெருங்கிய நண்பனும் அமைச்சனுமான மேகவர்ணாபயன் மகாவிகாரைக்காகக் கிளர்ந்து எழுந்தான், மன்னன் இறங்கி வந்தான், மகாவிகாரை மீண்டது. அடுத்த 700 ஆண்டுகளில் மூன்றில் எதுவும் மற்றதை அழிக்கவில்லை. போட்டியே படைப்பாகவும் மாறியது. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி மகாவிகாரை உரைகளையும் மகாவம்சத்தையும் எழுதிக் குவித்ததற்கு, எதிரில் ஒரு அபயகிரி இருந்தது முக்கியக் காரணம். அபயகிரியாரிடமும் தனி வரலாற்று நூல் இருந்ததை மகாவம்சத்தின் உரையே குறிப்பிடுகிறது. அது இன்று இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது ஒரு தரப்பின் வாக்குமூலம். அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை, ஒரு தரப்பு என்று அறிந்து படித்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு: இந்த நகரத்தை அழித்தவர்கள் தமிழ் மன்னர்கள்தானே? 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபனின் படை அநுராதபுரத்தைச் சூறையாடிப் பொன் சிலைகளைக் கொண்டுபோனது உண்மை. 993ஐ ஒட்டி வந்த இராசராசனின் படையெடுப்போடு தலைநகர் என்ற நிலை முடிவுக்கு வந்ததும் உண்மை. மடங்களின் செல்வம் கொள்ளை போனதைச் சூளவம்சம் வேதனையோடு சொல்கிறது. அந்த வேதனை மதிக்கத்தக்கது. தமிழர் என்ற முறையில் அதைப் பெருமையாக எண்ண இடமே இல்லை. ஆயினும் கொள்ளைக்குக் காரணம் செல்வம். மதத்தின் மேலான பகை அல்ல. பாண்டியப் படைக்குப் பதிலடியாகச் சிங்கள மன்னன் 2ஆம் சேனனின் படை மதுரைக்குள் புகுந்து பொருள்களை மீட்டது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தவனும் அதே இராசராசன்தான். திருகோணமலை அருகே வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழில் கொடைகளைப் பெற்றது. எல்லாளனின் தேர் மோதித் தூபி ஒன்றின் 15 கற்கள் பெயர்ந்தபோது, அந்த மன்னன் தன் தலையையே கொய்யச் சொன்னதாகவும், பின் 15,000 காசு செலவிட்டுச் சீர்செய்ததாகவும் எழுதியிருப்பது மகாவம்சம்தான். தமிழ் மன்னர், பௌத்தப் பகைவர் என்ற சமன்பாட்டை அதன் மூலநூலே ஏற்கவில்லை.

மூன்றாவது மறுப்பு தமிழர் பக்கத்திலிருந்து வருவது. அதுதான் மிகக் கடினமானது. தொல்லியல் இன்று நிலத்தைக் கோரும் கருவியாகிவிட்டபோது, பழைய பன்மையைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்பார்கள். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்காக அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் பழைய பௌத்த எச்சம் எங்கே கிடைத்தாலும், அது சிங்களக் குடியேற்றத்தின் சான்றாகவே முன்வைக்கப்படுகிறது. அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விடையாக, பௌத்தம் எங்களுடையதே அல்ல என்று தமிழர் கைகழுவினால், அந்தக் கோரிக்கையைத் தாமே ஒப்புக்கொண்டதாகும். 1985 மே மாதம் இந்த நகரில், வெள்ளரசின் அருகில் உட்பட, நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டது போன்ற கொடுமைகளும் அதே ஒற்றைச் சமன்பாட்டை மறுபுறமிருந்து ஏற்றதன் விளைவுதான். பௌத்த எச்சம் கிடைத்தால் அது சிங்களருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற வாதத்தை உடைக்க, அபயகிரி அருகிலுள்ள தமிழர் மண்டபத்தையும் மாக்கோதைப் பள்ளிக் கல்வெட்டையும்விட வலுவான சான்று நம்மிடம் இல்லை. அவற்றைக் கையில் எடுப்பது அரசியலை மறப்பது ஆகாது. அரசியலுக்கு வரலாற்றின் துணையைத் தேடுவதே ஆகும்.

ஒன்றாக்கியபின் நடந்தது

பன்மையின் மதிப்பை அதன் முடிவிலிருந்தும் அளக்கலாம். தலைநகர் பொலன்னறுவைக்கு மாறிய பின்னும் மூன்று மரபுகளும் உயிரோடு இருந்தன. புத்தரின் பல்லைக் காத்த ஆலயம் அபயகிரி மரபைச் சேர்ந்ததாகவும், அதைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றதாகவும், பொலன்னறுவையின் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. பிறகு 1165ஐ ஒட்டி 1ஆம் பராக்கிரமபாகு சங்கத்தைத் தூய்மைப்படுத்தி மூன்றையும் ஒன்றாக்கினான். ஒழுக்கம் குலைந்திருந்தது, சீர்திருத்தம் தேவையாக இருந்தது. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றானது மகாவிகாரையின் விதிப்படி. அபயகிரியும் ஜேதவனமும் தனி மரபுகளாக அத்தோடு மறைந்தன. அவர்களின் நூல்களும் போயின. இன்று உலகம் அறியும் இலங்கைப் பௌத்தம் ஆழமானது, வணக்கத்துக்குரியது. ஆயினும் ஒருகாலத்தில் அது மூன்று குரல்களில் பேசியது. அவற்றில் இரண்டை நாம் பொன் ஏட்டிலும் சீனப் பயணியின் குறிப்பிலும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரத்தில் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தமிழர் மண்டபமும் வடபகுதிச் சிவன் கோயில்களும் மேற்குத் தியான மடங்களும் யாத்திரைப் பாதையோடு இணைய வேண்டும். தகவல் பலகைகள் மும்மொழியிலும் பிழையின்றி, மன்னர் பெயரோடு நிற்காமல் மடங்களின் மரபையும் சொல்ல வேண்டும். இலங்கைப் பாடநூல்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அபயகிரிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை பக்தர்களிடமே இருக்கிறது. அடமஸ்தானம் எட்டையும் எண்ணிப் பாருங்கள். மகாவிகாரையின் வெள்ளரசும் ருவன்வெலியும் அதில் உண்டு. மகாவிகாரை விலக்கிய அபயகிரியும், அபயகிரியைச் சார்ந்த லங்காராமமும், மகாவிகாரை எதிர்த்த ஜேதவனமும் உண்டு. சங்கத்தார் ஆயிரம் ஆண்டு வாதிட்டும் ஏற்காததை, பூத்தட்டு ஏந்தி வரும் எளிய மக்கள் ஒரே நாளில் வணங்கி ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த ஏற்பைப் பக்தியோடு நிறுத்திவிடாமல் வரலாற்று அறிவாகவும் ஆக்குவது அறிஞரின், ஆசிரியரின், அரசின் கடமை. அப்படி ஆக்கினால், அநுராதபுரத்தைச் சொந்தம் கொண்டாட யாரும் இன்னொருவரை வெளியே தள்ள வேண்டியிருக்காது.